பீரியட்ஸ் தாறுமாறு, குப்பென்று வியர்வை, தூக்கம் இல்லை: ஹார்மோன் டெஸ்ட் எடுக்கணுமா, கர்ப்பப்பையை எடுக்கணுமா?

பனியன்கம்பெனிக்காரி (திருப்பூர்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் யாரிடமும் இதை முழுசாகச் சொல்ல முடியவில்லை.

போன தீபாவளி வரைக்கும் எனக்கு மாதவிலக்கு நாள் தப்பியதே கிடையாது. இப்போது இரண்டு மாதம் வராமலே இருந்துவிட்டு, வந்தால் பத்து நாள் நிற்காமல் போகிறது. கட்டி கட்டியாக. இரண்டு நாப்கினைச் சேர்த்து வைத்தால்தான் காலை டீ டைம் வரைக்கும் தாங்குகிறது. ஷிப்மெண்ட் நேரத்தில் ஒன்றரை ஷிப்டு என்றால் கண்ணீரே வந்துவிடுகிறது.

அடுத்தது வியர்வை. எங்கள் டேபிளுக்குப் பக்கத்திலேயே அயர்னிங். அந்த ஆவிக்கு யாருக்குத்தான் வியர்க்காது என்று முதலில் விட்டுவிட்டேன். ஆனால் இது வேறு. நெஞ்சில் ஆரம்பித்து கழுத்து, காது மடல், உச்சந்தலை வரைக்கும் திகுதிகுவென்று ஏறும். இரண்டு மூன்று நிமிடத்தில் ஜாக்கெட்டின் முதுகு நனைந்துவிடும். அடங்கியதும் குளிரும். ஒரு நாள் பையர் இன்ஸ்பெக்‌ஷன். குழந்தைகள் டீ-சர்ட், வெள்ளை பீஸ், டேப் வைத்து நெஞ்சளவு எடுத்துக்கொண்டிருந்தேன். மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு சரியாக பிரிண்ட் மேலேயே விழுந்தது. வந்தவர் பீஸைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "மேடத்துக்கு ஃபேன் போடுங்க" என்றார். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அவ்வளவுதான். நெஞ்சு படபடக்கிறது. முழங்காலுக்குக் கீழே எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கிறது, லைட்டைப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் இல்லை. இடது தோள் பிடித்துக்கொண்டு, பின்னல் போடக் கையைத் தூக்க முடியவில்லை. இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள்: இருபது வருடமாகப் பார்க்கிற வேலை, ஒரு நாள் 'ரிப்' என்கிற வார்த்தையே வாயில் வராமல் "அதான், கழுத்துல வெச்சுத் தைக்கிறது" என்றேன். டெய்லர் பையன் ஒரு மாதிரி பார்த்தான்.

ஒரு டாக்டர் "டென்ஷன்" என்று தூக்க மாத்திரை எழுதினார். இன்னொரு இடத்தில் ஸ்கேன் பார்த்துவிட்டு "சின்னக் கட்டி இருக்கு, ரெண்டு குழந்தை பெத்தாச்சு, கர்ப்பப்பையை எடுத்துடலாம், அதோட சூலகத்தையும் எடுத்துட்டா பிற்காலத்துல கேன்சர் பயம் இல்லை" என்றார்கள். பயாப்ஸி (துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவது) என்ற பேச்சே வரவில்லை. அடுத்த வாரமே தேதியும் கொடுத்தார்கள். லேப்காரர் நாலாயிரம் ரூபாய்க்கு ஹார்மோன் பேக்கேஜ் இருக்கிறது என்கிறார். மாமியார், "எங்க காலத்துல இதெல்லாம் ஏது" என்கிறார். நாத்தனாருக்கு முப்பத்தெட்டிலேயே எடுத்தாகிவிட்டது, அவர் "எடுத்துடு, நிம்மதி" என்கிறார்.

இது எல்லாமே ஹார்மோன்தானா? டெஸ்ட் எடுத்தால் தெரியுமா? கர்ப்பப்பையை எடுத்தால் இந்தச் சூடும் நின்றுவிடுமா? பெண் ப்ளஸ் டூ படிக்கிறாள், வேலையை விட முடியாது.

---

தாமிரபரணிக்கரை:

அக்கா, பயப்படாதீர்கள். எங்கள் பக்கம் இந்த வயதுக்கு உளுந்தங்களிதான். கருப்பு உளுந்தை வறுத்து அரைத்து, கருப்பட்டிப் பாகில் போட்டு, நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிண்டி, காலையில் ஓர் உருண்டை. இடுப்புக்கு நல்லது. நாட்டுமருந்துக் கடையில் தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி கிடைக்கும், பாலில் கலந்து குடியுங்கள். என் அம்மா இப்படித்தான் கடந்து வந்தார்.

---

ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ் (கரூர்):

தங்கச்சி, உன் பதிவை இரண்டு தடவை படித்தேன். அரசு மருத்துவமனையில் பெண்கள் பிரிவில் பல வருடம் இருந்தவள் நான். நீ எழுதியதில் எனக்குக் கவலை தருவது வியர்வை இல்லை, அந்தப் பத்து நாள் ரத்தப்போக்கும் அடுத்த வாரத் தேதியும்தான்.

முதலில் ஆபரேஷன் தேதியைத் தள்ளிவை. ஓடிப்போகாது.

உடம்பில் நடப்பது இதுதான்: மாதவிலக்கு நிற்கப்போகிற காலம் (மெனோபாஸ்) நெருங்குகிறது. சூலகத்தில் முட்டைகள் குறைந்துகொண்டே வரும்போது சில மாதம் முட்டை வெளியே வராது. முட்டை வராத மாதம் புரொஜெஸ்டிரான் என்கிற ஹார்மோன் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் என்கிற இன்னொரு ஹார்மோன் மட்டும் தனியாக வேலை செய்து கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தடிமனாக்கிக்கொண்டே போகும். பிறகு ஒரு நாள் அது மொத்தமாகக் கழன்று வருவதுதான் உன்னுடைய கட்டி கட்டி. ஈஸ்ட்ரோஜன் ஒரு வாரம் ஏறும், மறுவாரம் சரியும். அது சரியும்போது மூளையில் உடம்புச் சூட்டைக் கவனிக்கிற ஹைப்போதலாமஸ், கெட்டுப்போன அயர்ன் பாக்ஸ் தெர்மோஸ்டாட் மாதிரி ஆகிவிடுகிறது. அரை டிகிரிகூட ஏறியிருக்காது, "ஐயோ கொதிக்குது" என்று ரத்தக்குழாயையெல்லாம் விரித்து வியர்வையைத் திறந்துவிடும். சூடு வெளியேறியதும் குளிர்கிறது. படபடப்பு, எறும்பு ஊறல், தோள் பிடிப்பு, வார்த்தை மறப்பது எல்லாமே இந்தக் காலத்தில் வருகிறவைதான். வார்டில் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். நீ எதையும் கற்பனை பண்ணவில்லை.

அதனால்தான் அந்த நாலாயிரம் ரூபாய் பேக்கேஜ் வேண்டாம் என்கிறேன். எஃப்.எஸ்.எச். (சூலகத்தைத் தூண்டுகிற ஹார்மோன்) அளவு உனக்கு இன்று ஒன்று இருக்கும், மூன்று வாரம் கழித்து வேறொன்று இருக்கும். 45 தாண்டி, மாதவிலக்கு மாறி, இப்படிக் குப்பென்று வியர்த்தால் கதையைக் கேட்டே சொல்லிவிடலாம், ரத்த டெஸ்ட் தேவையில்லை. நாற்பதுக்கு முன்னால் மாதவிலக்கு நிற்கிற பெண்களுக்குத்தான் அந்த டெஸ்ட் கட்டாயம். நம் நாட்டில் சராசரியாக 46, 47-இல் நிற்கிறது, மேல்நாடுகளில் 51. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்கு முன்னால் இந்த இழுபறி நாலைந்து வருடம்கூட ஓடும்.

அந்தக் காசில் எடுக்கவேண்டியது வேறு. ஹீமோகுளோபின் பார். உனக்குப் பன்னிரண்டுக்கு மேல் இருக்கவேண்டும், நீ சொல்கிற போக்குக்கு இருக்காது என்று நினைக்கிறேன். ரத்தம் குறைந்தாலே படபடக்கும், மூச்சு வாங்கும், மறதி வரும். தைராய்டுக்கு டி.எஸ்.எச். பார், ஏனென்றால் தைராய்டு கூடினாலும் வியர்வையும் படபடப்பும், குறைந்தாலும் அதிகப் போக்கும் அசதியும். சர்க்கரையும் பார், தோள் இப்படி இறுகுவது சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம். படபடப்புக்கு ஓர் ஈ.சி.ஜி. இதில் எதற்கும் பெரிய செலவில்லை. ஈ.எஸ்.ஐ. கார்டு வைத்திருப்பாய்தானே, அங்கேயே எடுத்துக்கொடுப்பார்கள்.

இப்போது கர்ப்பப்பை விஷயம். சின்னக் கட்டி என்றால் எத்தனை செ.மீ., எங்கே இருக்கிறது? உள்சவ்வு எத்தனை மி.மீ.? ரிப்போர்ட்டில் இருக்கும், எடுத்துப் பார். 45-க்கு மேல் இப்படிப் போனால் உள்சவ்விலிருந்து துளி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவது முறை. அதைச் செய்யாமல் நேராக எடுத்துவிடலாம் என்று சொன்னால் வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் போகவேண்டியதுதான். தசைக் கட்டிகள் பெரும்பாலும் மாதவிலக்கு நின்றபின் தானாகச் சுருங்கும். போக்கைக் கட்டுப்படுத்த வழி இருக்கிறது: போகிற நாட்களில் மட்டும் போடுகிற டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை (காலில் ரத்தம் உறைந்த சரித்திரம் இருந்தால் கூடாது), புரொஜெஸ்டிரான் வகை மாத்திரை, அப்புறம் காப்பர்-டி மாதிரி உள்ளே வைக்கிற ஹார்மோன் கருவி. அந்தக் கருவி வைத்தவர்களில் பலருக்குச் சில மாதங்களில் போக்கு வெகுவாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன். இவை பலிக்காதவர்களும் உண்டு, உண்மையிலேயே ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களும் உண்டு. அது கடைசிப் படி.

நீ கேட்ட கேள்விக்கு நேரான பதில்: கர்ப்பப்பையை எடுத்தால் ரத்தம் நிற்கும், சூடு நிற்காது. சூடு சூலகத்தின் விவகாரம். சூலகத்தையும் சேர்த்து எடுத்தால் வருடக்கணக்கில் மெல்ல வரவேண்டியது ஒரே ராத்திரியில் வந்துவிடும். நாற்பதுகளில் அப்படி எடுத்துவிட்டு, நாலாம் நாள் வார்டில் ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தவள் நான். எலும்பும் சீக்கிரம் தேயும், இதயத்துக்கும் நல்லதில்லை. குடும்பத்தில் அம்மா, சகோதரிகளுக்குச் சூலகப் புற்றுநோயோ மார்பகப் புற்றுநோயோ இருந்தால் கணக்கு வேறு, அதை டாக்டரிடம் சொல்லவேண்டும்.

இந்த அவசரம் உன் ஒருத்தி கதை இல்லை. மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களுக்கு வரிசையாகக் கர்ப்பப்பை எடுத்தது 2019-இல் நாடே பேசிய விஷயம். தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்க மத்திய அரசு வகுத்த வழிமுறைகளை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்கவேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே இன்னொரு டாக்டரைக் கேட்கிறேன் என்று சொல்லக் கூச்சப்படாதே.

ஒரு மணிக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து நனைந்தாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ மறுநாள் வரை காத்திருக்காதே, அன்றே போ. நின்று ஒரு வருடம் ஆனபிறகு ஒரு துளி பட்டாலும் காட்டியாகவேண்டும்.

உளுந்தங்களி சொன்ன தம்பியோ தங்கையோ, நல்ல சாப்பாடு, நானும் கிண்டுகிறேன். சர்க்கரை இருந்தால் கருப்பட்டியும் சர்க்கரைதான். பொடி விஷயத்தில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. லேபிள் இல்லாத டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சித்த மருத்துவம் வேண்டுமென்றால் அரசு சித்தா பிரிவு இருக்கிறது, டாக்டரைப் பார்த்து வாங்கட்டும்.

---

அடையாறு ஜன்னல்:

நர்ஸ் அம்மா சொன்னதற்கு மேல் ஒன்று மட்டும். எனக்கு 51. இரண்டு வருடமாக ஹார்மோன் எடுக்கிறேன். ஈஸ்ட்ரோஜன் ஜெல்லைக் காலையில் குளித்துத் துவட்டியதும் தொடையில் தடவுவேன், ராத்திரி புரொஜெஸ்டிரான் மாத்திரை. கர்ப்பப்பை இருக்கிறவர்களுக்கு இரண்டாவது கட்டாயம், இல்லாவிட்டால் உள்சவ்வு தடித்துவிடும். அந்த மாத்திரை கொஞ்சம் தூக்கமும் தருகிறது, எனக்கு அது இலவச இணைப்பு. ஆரம்பத்தில் மார்பு வலித்தது, அவ்வப்போது லேசாகக் கறை பட்டது. மூன்றாம் மாதத்துக்குள் வியர்வை அடங்கிவிட்டது. சும்மா இல்லை, ஜெல் விலை கடிக்கிறது.

ஆரம்பிக்கும் முன் பி.பி., மாமோகிராம், குடும்பத்தில் புற்றுநோய், கால் ரத்தக்கட்டு, கல்லீரல் எல்லாம் கேட்டார்கள். காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருக்கும்போது கொடுக்கமாட்டார்கள். ஆகவே உங்களுக்கு முதலில் அந்தப் போக்குக்குக் காரணம் தெரியவேண்டும்.

"ஹார்மோன் எடுத்தால் கேன்சர்" என்று என் அக்காவே பயமுறுத்தினார். அந்தப் பயம் 2002-இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்திய ஒரு பெரிய ஆய்விலிருந்து வந்தது. அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. கொடுத்ததும் பழைய வகை மாத்திரை. அதிலும் பத்தாயிரம் பெண்களுக்கு வருடத்துக்கு 30 பேருக்கு வரக்கூடிய மார்பகப் புற்றுநோய் 38 ஆனது. எட்டுப் பேர் சின்ன எண்ணிக்கை இல்லைதான், ஆனால் நான் கேள்விப்பட்டிருந்த மாதிரியும் இல்லை. அறுபதுக்குள், நின்று பத்து வருடத்துக்குள் ஆரம்பிக்கிற ஆரோக்கியமான பெண்ணுக்கு நன்மைதான் அதிகம் என்று இப்போது சொல்கிறார்கள். தோல் வழியாகப் போகிற ஜெல்லுக்கு, மாத்திரைக்கு இருக்கிற ரத்தக்கட்டு ஆபத்தும் கிடையாது.

---

மழைக்கால மேகம்:

எனக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து, அது திரும்ப வராமலிருக்க டாமாக்சிஃபென் மாத்திரை ஓடுகிறது. ஆகவே மேலே சொன்ன ஜெல் எனக்குக் கதவடைப்பு. என்னை மாதிரி யாராவது படித்தால் உதவுமே என்று எழுதுகிறேன்: ஹார்மோன் இல்லாமலும் மருந்து இருக்கிறது. எனக்கு வென்லாஃபாக்சின் சின்ன டோஸ் கொடுத்தார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரைதான், இந்த வியர்வைக்கும் வேலை செய்கிறது. பாதியாகக் குறைந்திருக்கிறது. முதல் வாரம் குமட்டல் இருந்தது. சிலருக்கு ராத்திரி காபாபென்டின் கொடுக்கிறார்கள். டாமாக்சிஃபென் எடுக்கிறவர்கள் பராக்சிடின் மாதிரி சில மனச்சோர்வு மாத்திரைகளை எடுக்கக்கூடாது, அவை டாமாக்சிஃபெனைச் சரியாக வேலை செய்யவிடாது. மெடிக்கலில் கேட்டு வாங்குகிற விஷயமே இல்லை இது.

சோயா மாத்திரை, ஈவினிங் பிரிம்ரோஸ் எல்லாம் வாங்கிக் காசை விட்டவர்கள் எங்கள் குழுவில் நிறையப் பேர்.

---

லாரி புக்கிங் ஆபீஸ்:

நான் ஆண், பதில் போடலாமா தெரியவில்லை. வீட்டம்மாவுக்கு இதே நிலைமை. என் பங்கு என்னவென்றால் படுக்கையை ஃபேனுக்கு நேர் கீழே மாற்றினேன், ராத்திரி அவர் எழுந்தால் "என்ன, என்ன" என்று கேட்பதை விட்டேன். காலை டிபனை நானே பார்த்துக்கொள்கிறேன், தோசை வட்டமாக வருவதில்லை. அடுத்த தடவை டாக்டரிடம் உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆம்பளை பக்கத்தில் இருந்தால் தேதி குறிக்க யோசிப்பார்கள், என்ன செய்வது, ஊர் அப்படி.

---

பனியன்கம்பெனிக்காரி (திருப்பூர்):

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் போடமுடியவில்லை, ஷிப்மெண்ட்.

ஆபரேஷன் தேதியைக் கேன்சல் செய்தேன். போனில் அந்தப் பெண் "அப்புறம் முத்திப்போனா எங்ககிட்ட வராதீங்க" என்றது. சரி என்று வைத்துவிட்டேன். வேறொரு டாக்டரம்மாவைப் பார்த்தோம், வீட்டுக்காரரும் வந்தார், வாயே திறக்கவில்லை, ஆனால் உட்கார்ந்திருந்தார். ஹீமோகுளோபின் 8.9. தைராய்டு, சர்க்கரை, ஈ.சி.ஜி. எல்லாம் சரி. கட்டி இரண்டரை செ.மீ., கர்ப்பப்பைச் சுவருக்குள் இருக்கிறது, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றார். உள்சவ்வு பயாப்ஸியில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. எடுக்கும்போது நல்ல பீரியட்ஸ் வலி, ஐந்து நிமிடம், அவ்வளவுதான்.

இப்போதைக்கு போகிற நாட்களுக்கு மாத்திரை, அப்புறம் இரும்புச்சத்து, கால்சியம். அந்தக் கருவியைப் பற்றி யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அதை வைத்துவிட்டால் பின்னால் சூட்டுக்கு ஜெல் எடுக்கவேண்டி வந்தாலும் புரொஜெஸ்டிரான் மாத்திரை தனியாக வேண்டாம், கருவியே போதும் என்றார். வைக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. தோளுக்கு பிசியோதெரபி. தூக்க மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

வியர்வை இன்னும் வருகிறது. டேபிளை மாற்றிக் கேட்டேன். சூப்பர்வைசரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கி, கடைசியில் "எனக்கு நிக்கிற நேரம், அயர்னிங் பக்கம் முடியலை" என்று நேராகவே சொல்லிவிட்டேன். அவர் முகம் என்னைவிடச் சிவந்துவிட்டது. மறுநாள் பேக்கிங் பக்கம் ஜன்னலோரம் இடம். அதைப் பார்த்துவிட்டு லைனில் இரண்டு பேர் தனியாக வந்து "அக்கா, உங்களுக்குமா?" என்றார்கள். ஒருத்தி ஒரு வருடமாக வியர்வையைத் துடைக்க பாவாடைக்குள் வேஸ்ட் துணி சொருகி வைத்திருக்கிறாள்.

நர்ஸ் அக்கா, இரண்டு சந்தேகம். இரும்பு மாத்திரையை பதினொரு மணி டீயோடு போடலாமா? அப்போதுதான் ஞாபகம் வருகிறது. கால்சியத்தையும் சேர்த்தே போட்டால் வேலை முடிந்ததா? வெளிக்குக் கறுப்பாகப் போகிறது, பயமாக இருக்கிறது. அப்புறம், இரண்டு மாதம் வராமல் இருக்கும்போது இனி கர்ப்பத்துக்குப் பயமில்லை என்று இருந்துவிடலாமா?

---

ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ் (கரூர்):

8.9-ஆ? இதோடு ஒன்றரை ஷிப்டு பார்த்திருக்கிறாய். முடியாத நாட்களில் ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் சர்டிஃபிகேட் வாங்கி லீவு போடு. சந்தா நாட்கள் சரியாக இருந்தால் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும்.

டீயோடு இரும்பு மாத்திரை வேண்டவே வேண்டாம், டீ அதை உடம்பில் சேரவிடாது. பாலும் அப்படித்தான். டீக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ இரண்டு மணி நேரம் கழித்தோ போடு, ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சை ஜூஸோ கூட இருந்தால் நல்லது. வயிற்றைப் புரட்டினால் சாப்பிட்டபிறகு போடு. கால்சியத்தை ராத்திரிச் சாப்பாட்டோடு வை, இரண்டும் ஒன்றாகப் போகக்கூடாது. கேழ்வரகு, எள்ளு, தயிர் தினமும் சாப்பாட்டில் இருக்கட்டும், எலும்பு இனிமேல்தான் வேகமாகத் தேயும். கறுப்பாகப் போவது இரும்புச்சத்து, பயமில்லை. ஆனால் தார் மாதிரிப் பிசுபிசுவென்று நாற்றத்தோடு போனால் சொல்லு. ஹீமோகுளோபின் பன்னிரண்டைத் தொட்டதும் நிறுத்திவிடாதே, அதற்குப் பிறகும் மூன்று மாதம் போடு.

கடைசியாகக் கேட்டதற்கு: இருந்துவிட முடியாது. ஐம்பதுக்குள் நின்றால் கடைசி மாதவிலக்கிலிருந்து இரண்டு வருடம், ஐம்பதுக்கு மேல் என்றால் ஒரு வருடம் பாதுகாப்பு வேண்டும். 47-இல் வந்து நிற்கிற கர்ப்பங்களை நான் பார்த்திருக்கிறேன். கருவி வைத்தால் அந்தக் கவலையும் இல்லை.

வேஸ்ட் துணி சொருகி வைத்திருக்கிற அந்தப் பெண்ணையும் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லு.